முதல் உலகப் போரும் தமிழகத்து ஜெர்மன் மிஷனரிகளும்

முதல் உலகப் போர் (1914–1918) ஐரோப்பாவில் மூண்டபோது, தமிழகத்தில் பள்ளிகளையும் திருச்சபைகளையும் நடத்தி வந்த ஜெர்மன் மிஷனரிகளைப் பிரித்தானிய இந்திய அரசு எதிரி நாட்டவராகக் கருதி வெளியேற்றியது. இவர்களுள் பெரும்பாலோர் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர்கள்.

பின்னணி

1706-ஆம் ஆண்டு ஜெர்மானியர்களான சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தரங்கம்பாடி அப்போது டென்மார்க் நாட்டின் ஆட்சியில் இருந்தது. எனவே, பின்னர் ஏழாண்டுப் போர் (1756–1763) நடந்தபோது அங்கிருந்த மிஷனரிகளுக்கு ஒரு நடுநிலை நாட்டின் பாதுகாப்பு கிடைத்தது. 1845-இல் டென்மார்க் அவ்வூரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. அதன்பின் அப்பணியை ஏற்ற லைப்சிக் மிஷனரிகள் ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் வாழ்ந்தனர். பிரிட்டனும் ஜெர்மனியும் பகைக்காத வரை இதனால் தொல்லை எதுவும் எழவில்லை.

போர்க்கால வாழ்க்கை

1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் ஜெர்மனி மீது போர் தொடுத்தது. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. ஜெர்மானியர் மீதான ஐயம் இதனால் மேலும் வலுத்தது. தாய்நாட்டிலிருந்து பணம் வருவது நின்றது. மிஷன் தரும் சம்பளத்தை நம்பியிருந்த தமிழ் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் இந்த நெருக்கடி தாக்கியது.

1915-இல் கட்டுப்பாடுகள் கடுமையாயின. போரிடும் வயதுடைய ஜெர்மன் ஆண்கள் அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டனர். 1915 இறுதியிலும் 1916-இலும் 'கோல்கொண்டா' கப்பலில் இரு பயணங்களாக மிஷனரிகளும் அவர்களுடைய குடும்பங்களும் அனுப்பப்பட்டனர். ஒருவர் எத்தனை ஆண்டு இங்கே உழைத்தார், தமிழை எவ்வளவு கற்றார் என்பவை கணக்கில் வரவில்லை. பிறந்த நாடு எது என்பதே கணக்கில் வந்தது.

நெசவுத் தொழிலிலும் விளைவு

மலபார், தென் கன்னடப் பகுதிகளில் நெசவாலைகளும் ஓட்டுத் தொழிற்சாலைகளும் நடத்திய பாசல் மிஷனும் தப்பவில்லை. அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்தில் இருந்தும், ஊழியர் பலர் ஜெர்மானியர் என்பதால் ஆலைகள் கைமாறின. அவை பின்னர் காமன்வெல்த் டிரஸ்ட் நிறுவனத்திடம் சேர்ந்தன.

பணி தொடர்ந்த விதம்

லைப்சிக் மிஷனரிகளுடன் சுவீடன் நாட்டு மிஷனரிகளும் முன்பிருந்தே பணியாற்றி வந்தனர். சுவீடன் போரில் நடுநிலை வகித்ததால் அவர்களை அரசு வெளியேற்றவில்லை. அவர்களும் தமிழ்க் குருமார்களும் ஆசிரியர்களும் பணியைத் தாங்கினர். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1921-இல் சுவீடனைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஹாய்மன் அதன் முதல் பேராயரானார். 1919-இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின் 438-ஆம் பிரிவு, ஜெர்மன் மிஷன் சொத்துகளை அதே சமயப் பிரிவைச் சேர்ந்த அறங்காவலர்களிடம் ஒப்படைத்து, மிஷன் பணிக்கே பயன்படுத்த வழிசெய்தது.

1920-களில் ஜெர்மன் மிஷனரிகள் மீண்டும் இந்தியாவுக்கு வர அனுமதிக்கப்பட்டனர். ஆனால் 1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அவர்கள் மறுபடியும் காவலில் வைக்கப்பட்டனர்.

முக்கியத்துவம்

தலைமையும் பணமும் அயல்நாட்டிலேயே இருந்தால், அங்கு நடக்கும் போர் இங்குள்ள பள்ளியின் கதவையும் அடைத்துவிடக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. திருச்சபையின் பொறுப்பு உள்ளூர் மக்களிடம் வரவேண்டிய தேவையை அது விரைவுபடுத்தியது. எனினும் அந்த மாற்றம் முழுமையடையக் காலம் பிடித்தது. 1956-இல்தான் ஆர். பி. மாணிக்கம் இத்திருச்சபையின் முதல் தமிழ்ப் பேராயராகப் பொறுப்பேற்றார்.