வெள்ளையடித்தால் உப்பு போகுமா?

மார்கழி பிறந்துவிட்டால் சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்து மளிகைக் கடைகளில் சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கும். பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு. தறிக்குடோன் சுவருக்கும் அதோடு ஒரு கை. காவி, நீலம், மட்டை எல்லாம் கூடவே ஓடும். டிஸ்டம்பரும் எமல்ஷனும் வந்தபின் அந்த ஓட்டம் தளர்ந்தது என்றாலும், சரக்கு இன்னும் நம் கடையை விட்டுப் போய்விடவில்லை.

விற்கிற பொருளின் குணத்தை வணிகர் அறிந்திருக்க வேண்டும். 100 கிலோ நல்ல சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் சுமார் 56 கிலோ சுட்ட கல் கிடைக்கும். மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். அந்த 56 கிலோ, 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. ஆகவே குடோனில் ஈரக் காற்றுப் பட்டுக் கிடக்கும் மூட்டை எடை கூடினால் மகிழ வேண்டாம். சரக்கின் வேகம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கூரை ஒழுகும் இடத்தில் சுட்ட கல்லை வைப்பதோ ஆபத்து. தண்ணீர் பட்டால் சாக்கே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறும்.

சுவரில் பூசிய சுண்ணாம்பு வெறுமனே காய்வதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மறுபடி இழுத்துக்கொண்டு கல்லாகிறது. காரம் மிகுந்ததால் பூஞ்சணத்தையும் தடுக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், வெள்ளையடித்த சுவர்களுக்கு 14 மாதங்களுக்கு ஒருமுறையாவது மறுபடி அடித்துத் தேதியைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது சுகாதாரத்தை எண்ணித்தான். (இன்ஸ்பெக்டர் வரும் வாரத்தில் மட்டும் வாளியைத் தேடியவர்களும் உண்டு!) ஆனால் உப்புப் பூத்த சுவரில் இந்த வித்தை பலிக்காது. இரண்டு மாதத்தில் ஏடு ஏடாக உரியும்.

குற்றத்தை மறைப்பதை ஆங்கிலத்தில் வெள்ளையடிப்பு என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் பூசி மெழுகுவது. இரண்டும் சுவர் வேலையிலிருந்து பிறந்தவையே. இதற்கு நம் பக்கத்திலேயே, சுண்ணாம்பைக் கொண்டே நடந்த உதாரணம் இருக்கிறது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். ஏறியபின் அந்த உப்பு கிட்டத்தட்ட முழுவதும் கழிவுநீரில் தங்கிவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் செய்தது, சுண்ணாம்பும் அன்னபேதியும் கலந்து வண்டலைப் படிய வைப்பது. சிவப்பும் நீலமுமாக வந்த நீர் ஓரளவு தெளிந்து வெளியேறும். பார்வைக்குத் திருப்தி! ஆனால் கரைந்த உப்பு சுண்ணாம்புக்கு அசையவில்லை. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீர் நொய்யலில் இறங்கியது. 1992-இல் பாசனத்துக்கெனக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயி, திறக்காதீர்கள் என்று போராடினார்.

சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் 2009-இல் அதை உறுதி செய்தது. அப்படியும் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28-இல் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவாயிற்று.

இதில் மளிகைக்காரருக்கு என்ன என்று கேட்கலாம். சாயம் நின்றால் பனியன் கம்பெனி தடுமாறும். தொழிலாளி ஊருக்கு மூட்டை கட்டினால் நம் பற்று நோட்டு அப்படியே நிற்கும். சாயப்பட்டறை வைத்திராத நாமும் அந்தத் தெளிந்த தண்ணீருக்கு விலை கொடுத்தவர்கள்தான். ஆரம்பத்திலேயே உப்பைப் பற்றி உரக்கப் பேசியிருந்தால் செலவு குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பின்னர் சவ்வூடு வடிகட்டியும், எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சும் கலன்களும் வந்தன. நீரும் உப்பும் மீட்கப்பட்டு மறுபடி சாயத்துக்கே போகின்றன. அந்த மின்சாரமும் விறகும் இன்று சாயக்கூலியோடு சேர்ந்தே பில்லில் வருகின்றன.