பேச்சை யார் தொடங்குவது? தொலைநிலைப் பாடங்களில் விரிவுரையாளர் தொடர்பு

செப்டம்பர் சேர்க்கைக்கான விண்ணப்பக் கெடு நெருங்கும் வேளையில், கேமரன் மலையின் கியா பார்ம், பிரிஞ்சாங், புளூ வேலி வட்டாரங்களிலிருந்து ஆசிரியர் பகுதிக்கு வந்துள்ள வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தைச் சுற்றியே வருகின்றன. திறந்தநிலை, தொலைநிலைக் கல்வி நிறுவனங்கள் தங்கள் கையேடுகளில் வாக்களிக்கும் விரிவுரையாளர் ஆதரவு நடைமுறையில் எதைக் குறிக்கிறது, ஒரு பாடம் தொடங்கி முடியும்வரை விரிவுரையாளர் மாணவரோடு எப்போது, எந்த வழியில், எதைப் பற்றிப் பேசுவார் என்பதைச் சேருமுன்பே அறிந்துகொள்ள வழியுண்டா என்று அவை கேட்கின்றன. விண்ணப்ப முறையும் கட்டண விவரமும் எல்லா நிறுவனங்களிலும் எளிதில் கிடைப்பதால் அவை இங்கே விடப்படுகின்றன.

ஒரு பாடத்தின் எந்த வாரத்தில் ஆசிரியர் மாணவருக்கு எதைத் தெரிவிப்பார், மாணவரின் கேள்விக்கு எத்தனை நாளில் பதில் தருவார், பணித்தாளை எப்போது குறிப்புகளோடு திருப்பித் தருவார், ஒரு மாணவர் பல நாள் பேசாமலிருந்தால் என்ன செய்வார் என்பவற்றைப் பாடம் தொடங்குமுன்னரே எழுதிவைக்கும் ஏற்பாட்டுக்குத் தொடர்புத் திட்டம் என்று பெயர். நிறுவனங்கள் 'ஆதரவு' என்று சொல்வது பெரும்பாலும் இதுவன்று. இருபத்து நான்கு மணி நேர ஆதரவு என்ற அறிவிப்பு, கடவுச்சொல் மறந்தவருக்கு உதவும் தொழில்நுட்ப மேசையையோ, முன்பே எழுதப்பட்ட விடைகளைத் தரும் தானியங்கி உரையாடலையோ குறிப்பதாகவே இருக்கக்கூடும். பாடத்தின் மூன்றாம் அலகில் புரியாத ஒரு கணக்கை நள்ளிரவில் விளக்கிச் சொல்லும் மனிதரை அது குறிப்பதில்லை.

தொடர்புத் திட்டம் ஏன் தேவை என்பதைப் பாடத்தின் நேரக் கணக்கே காட்டுகிறது. மலேசியத் தகுதி முகமையின் கணக்கீட்டில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் கற்பதற்குச் செலவிடும் 40 மணி நேரமாகும். ஆகவே மூன்று கிரெடிட் பாடம் 120 மணி நேர உழைப்பைக் கோருகிறது. இந்தக் கணக்கீடு கவனமாகப் படிக்கத்தக்கது, ஏனெனில் இங்கே எண்ணப்படுவது மாணவரின் நேரம், ஆசிரியரின் நேரம் அன்று. ஒரு பருவத்தில் பத்து மணி நேரம் நேரிலோ இணையத்திலோ வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், எஞ்சிய 110 மணி நேரத்தில் மாணவர் வாசிப்பதும் எழுதுவதும் தேர்வுக்குத் தயாராவதும் அடங்கிவிடும், ஆனால் அந்த நேரத்தில் ஆசிரியரின் குரல் எத்தனை முறை அவரை எட்டும் என்பதை அந்த எண் சொல்லாது. கணக்கு சரியாக இருக்கும்போதே மாணவர் தனித்து விடப்பட முடியும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

கியா பார்ம் போன்ற இடத்தில் அந்தத் தனிமைக்கு வேறு காரணங்களும் சேர்கின்றன. வேலை செய்துகொண்டே படிப்போருக்கு வசதியாகும் என்று கருதி வகுப்புகள் சனி, ஞாயிறுகளில் வைக்கப்படுகின்றன. கியா பார்ம் சந்தையில் காய்கறிக் கடையும் ஸ்ட்ராபெரி விற்பனையும் நடத்தும் குடும்பங்களுக்கும், சுற்றுலா விடுதிகளில் வேலை பார்ப்போருக்கும், சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு வருகையாளர்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கும் வாரத்தில் மிகக் கடுமையான நாள்கள் அந்த இரண்டுமே. பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்முக்குச் செல்லும் சாலை அந்நாள்களில் வாகனங்களால் அடைபட்டுக் கிடக்கும். சிம்பாங் பூலாய் வழியே ஈப்போவிலுள்ள கற்றல் மையத்துக்கு இறங்க நினைப்பவர் மலையைவிட்டு வெளியேறவே நெடுநேரம் ஆகலாம். இணைய வகுப்பு இதைத் தீர்த்துவிடும் என்ற வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜெண்டெலா எனும் தேசிய இணையத் திட்டம் 4ஜி சேவைக்கு வகுத்த 96.9 விழுக்காட்டு இலக்கு, மக்கள் குடியிருக்கும் பகுதிகளை அடிப்படையாகக் கொண்டது; தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வேலை பார்க்கும் ஒருவரின் கைப்பேசியில் அலைவரிசை கிடைக்கிறதா என்பது அக்கணக்குக்குள் வருவதில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் சபா மாநில மாணவி ஒருவர் இணையத் தொடர்புக்காக மரத்தின்மேல் தங்கித் தேர்வெழுதிய காணொளியை நாடே பார்த்தது.

எனினும் தொலைவு என்பது கிலோமீட்டரால் மட்டும் ஆனதன்று. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உண்டாகும் புரிதல் இடைவெளிக்கு கல்வியாளர் மைக்கேல் மூர் 'பரிமாற்றத் தொலைவு' என்று பொருள்படும் பெயரிட்டு, அது உரையாடலின் அளவு, பாடத்தின் கட்டமைப்பு, மாணவரின் தன்னாட்சி ஆகிய மூன்றாலும் கூடிக் குறையும் என்று விளக்கினார். இந்த விளக்கத்தின்படி நானூறு பேர் அமர்ந்திருக்கும் விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசை மாணவர், முறையாகத் திருத்தப்பட்ட பணித்தாளை அஞ்சலில் பெறும் மாணவரைவிடத் தன் ஆசிரியரிடமிருந்து அதிகத் தொலைவில் இருக்கக்கூடும்.

தொடர்புத் திட்டங்களைப் பற்றிய பேச்சில் கூர்மையான கேள்வி எதுவென்றால், உரையாடலைத் தொடங்கும் பொறுப்பு யாருடையது என்பதாகும். இக்கேள்வி சட்டமாகவே எழுதப்பட்ட நாடு அமெரிக்கா. மாணவர்களைச் சேர்த்துக் கூட்டாட்சி அரசின் உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டு, பாடப் பொட்டலத்தை மட்டும் அனுப்பிவைத்த அஞ்சல்வழிப் பள்ளிகளைக் கட்டுப்படுத்த, பாடங்களில் பாதிக்குமேல் அஞ்சல்வழியில் நடத்தும் நிறுவனங்களுக்கு 1992ல் அந்நாட்டுச் சட்டம் உதவித்தொகையை மறுத்தது. பின்னர் இணையவழிக் கல்வி பரவியபோது, எது அஞ்சல்வழி, எது தொலைநிலை என்று பிரித்தறிய வேண்டிய தேவை எழுந்தது. தாளா, திரையா என்பதை வைத்துச் சட்டம் அவற்றைப் பிரிக்கவில்லை. ஆசிரியர் மாணவரோடு முறையாகவும் பொருள்படவும் ஊடாடினால் அது தொலைநிலைக் கல்வி. ஊடாட்டம் அரிதாக இருந்து, அதையும் பெரும்பாலும் மாணவரே தொடங்க வேண்டியிருந்தால் அது அஞ்சல்வழிக் கல்வி. எவ்வளவு நவீனமான இணையதளமாக இருந்தாலும், மாணவர் கேட்டால்தான் ஆசிரியர் பேசுவார் என்ற ஏற்பாடு பழைய அஞ்சல் பொட்டலத்துக்குச் சமம் என்று இவ்விதி சொல்வது மிகச் சரியான பார்வை.

2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறை இதை மேலும் விரித்தது. நேரடியாகக் கற்பித்தல், மாணவரின் வேலையை மதிப்பிட்டுக் கருத்துரை தருதல், பாடப்பொருள் பற்றித் தகவல் தருதல் அல்லது கேள்விக்கு விடையளித்தல், குழு விவாதத்தை வழிநடத்துதல், தர அங்கீகார அமைப்பு ஏற்கும் வேறு கற்பித்தல் செயல் ஆகிய ஐந்தில் குறைந்தது இரண்டேனும் நடந்தால்தான் ஊடாட்டம் பொருளுள்ளது எனப்படும். அது முறையானதாக இருக்க, முன்னறிவித்த கால ஒழுங்கில் நடைபெறுவதோடு, மாணவரின் ஈடுபாட்டை ஆசிரியர் கண்காணித்து, தேவை தென்படும்போது தாமே முன்வந்து பேசவும் வேண்டும். ஆனால் இதே விதியில் ஓர் ஓட்டையும் உண்டு. ஊடாட்டத்துக்கான வாய்ப்பை வழங்குவதே போதும் என்று அது சொல்வதால், வாரந்தோறும் புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு இணைய அறையில் காத்திருப்பதாக அறிவித்த ஆசிரியர், அங்கே ஒரு மாணவர்கூட வராவிட்டாலும் கணக்கில் தம் கடமையைச் செய்தவராகிறார். யாரும் வரவில்லையே என்று கேட்க வேண்டிய அந்தக் கணத்தை விதி கண்காணிப்புப் பகுதிக்குத் தள்ளிவிடுகிறது. அப்பகுதியைச் சரிபார்ப்பதோ மிகக் கடினம்.

அது எவ்வளவு கடினம் என்பதற்கு யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழக வழக்கு சான்று. அங்கே கற்பித்தல் பணி பல கைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மாணவரோடு தவறாமல் பேசும் வழிகாட்டி வேறு, பாடம் தெரிந்தவர் வேறு, விடைத்தாள் திருத்துபவர் வேறு. வழிகாட்டியின் தொலைபேசிப் பேச்சைப் பாடம் பற்றிய ஊடாட்டமாகக் கொள்ள முடியாது என்று கண்ட கல்வித்துறைத் தணிக்கையர், 2017 செப்டம்பரில் சுமார் 71 கோடி டாலரைப் பல்கலைக்கழகம் அரசுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பரிந்துரைத்தனர். விதிகள் தெளிவாக இல்லாததைக் காரணங்காட்டி, 2019 ஜனவரியில் அத்துறை பணத்தைக் கோராமல் விட்டது. அன்போடு நலம் விசாரிக்கும் குரலும், கணக்கில் எங்கே தவறு என்று சுட்டிக்காட்டும் குரலும் ஒன்றல்ல என்ற தணிக்கையரின் பார்வை, பணம் திரும்பாவிட்டாலும் ஏற்கத்தக்கதே.

அமெரிக்க விதி மலேசிய மாணவரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், யார் தொடங்குவது என்ற கேள்வி தோட்டப்புற மாணவர்களுக்கு வேறெவரையும்விட அதிகம் பொருந்துகிறது. குடும்பத்தில் முதல்முறையாகப் பல்கலைக்கழகம் செல்லும் ஒருவருக்கு, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது உரிமை என்பது எங்கும் சொல்லித்தரப்படுவதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தால் மட்டும் எழுந்து பேசிப் பழகியவர், முகம் தெரியாத விரிவுரையாளருக்கு ஆங்கிலத்திலோ மலாயிலோ மின்னஞ்சல் எழுதத் தயங்குவது இயல்பு. 'எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்' என்ற வாக்குறுதி தாராளமாகத் தோன்றினாலும், அது தொடங்கும் சுமையை அப்படியே மாணவர்மீது வைக்கிறது. அவர் கேட்காதபோது, புரிந்துவிட்டது என்று ஆசிரியர் முடிவு செய்கிறார். ஆசிரியர் எதுவும் சொல்லாதபோது, தாம் மட்டுமே பின்தங்கிவிட்டதாக மாணவர் முடிவு செய்கிறார். இரு பக்க மௌனமும் பருவ இறுதியில் தேர்ச்சியின்மையாகப் பதிவாகும்போது, அது மாணவரின் முயற்சிக் குறைவு என்று மட்டுமே எழுதப்படுவது அநீதி.

இந்த மௌனத்துக்குத் தீர்வாக இப்போது முன்வைக்கப்படுவது தானியங்கி எச்சரிக்கை. மாணவர் எத்தனை முறை உள்நுழைந்தார், எந்தப் பணியைச் சமர்ப்பிக்கவில்லை என்பவற்றை மென்பொருள் கணக்கிட்டு, அவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும் முறையை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் கோர்ஸ் சிக்னல்ஸ் என்ற பெயரில் நடத்தியது. அந்த முறை கொண்ட பாடங்களில் இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பை விடாமல் தொடரும் விகிதம் கணிசமாகக் கூடியதாக அறிவிக்கப்பட்டது. மைக் கால்ஃபீல்ட், ஆல்ஃபிரட் எஸ்ஸா ஆகியோர் 2013ல் அதைக் கேள்விக்குட்படுத்தினர்: படிப்பைத் தொடர்பவர்களால்தானே இரண்டாம், மூன்றாம் பாடத்தை எடுக்க முடியும், அப்படியிருக்க அதிகப் பாடங்கள் எடுத்ததால் தொடர்ந்தார்கள் என்று சொல்வது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுவதாகாதா என்ற அவர்களின் ஐயம் வலுவானது. எச்சரிக்கையால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் சிவப்பு நிறம் தெரிந்தபின் தொலைபேசியை எடுக்கும் ஆசிரியர் இல்லாத இடத்தில், அது மாணவரின் அச்சத்தை மட்டுமே கூட்டும்.

ஆகவே நல்ல தொடர்புத் திட்டத்தை இரண்டு தேதிகளைக் கொண்டு சோதிக்கலாம். முதலாவது, பாடத்தைக் கைவிட்டுக் கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்கான கடைசி நாள். ஆசிரியரின் முதல் தனிப்பட்ட சொல் அந்நாளுக்கு முன் மாணவரை அடைய வேண்டும், இல்லையேல் இப்பாடம் தமக்கு ஏற்றதா என்று தெரியாமலே அவர் பணத்தை இழக்கிறார். இரண்டாவது, இரண்டாம் பணித்தாளைச் சமர்ப்பிக்கும் நாள். முதல் பணித்தாள் குறிப்புகளோடு அதற்கு முன் திரும்பி வர வேண்டும். 1969ல் நிறுவப்பட்டு 1971ல் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஆசிரியர் திருத்தும் பணித்தாளையே கற்பித்தலின் நடுநாயகமாக வைத்தது. ஓரத்தில் ஆசிரியர் எழுதும் விரிவான குறிப்பே அங்கே வகுப்பறையாகச் செயல்பட்டது. மதிப்பெண் மட்டும் திரும்பி வந்தால், அல்லது குறிப்பு பருவம் முடிந்தபின் வந்தால், அது மதிப்பீடாகுமே தவிரக் கற்பித்தலாகாது.

1971 முதல் தொலைநிலைக் கல்வி நடத்திவரும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 2000ல் தொடங்கப்பட்ட மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2006ல் பினாங்கில் தொடங்கப்பட்ட வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என இந்நாட்டில் இத்துறைக்கு அரை நூற்றாண்டு அனுபவம் உண்டு. எனவே சேருமுன் பாடத்திட்டத்தையும் வார அட்டவணையையும் கேட்டு வாங்கி, அவற்றில் இந்த இரண்டு தேதிகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது எந்த விண்ணப்பதாரருக்கும் அதிகப்படியான கோரிக்கையன்று.

கடிதங்களிலுள்ள பிற கேள்விகளுக்கு விடை சுருக்கமானது.

வாட்ஸ்அப் குழு ஒன்றே போதுமா? அவசரச் செய்திக்குப் போதும். மதிப்பெண், மேல்முறையீடு, கெடு நீட்டிப்பு ஆகியவை மின்னஞ்சலில் எழுத்தாக இருக்க வேண்டும்.

எத்தனை நாளில் பதில் எதிர்பார்க்கலாம்? நிறுவனம் எழுதித் தந்த கால அளவே கணக்கு. அது எழுதப்படவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

வார இறுதி வகுப்பைத் தவறவிட்டால்? ஒளிப்பதிவு எத்தனை நாள் இருக்கும், குறைந்த இணைய வேகத்தில் ஒலி வடிவில் மட்டும் பதிவிறக்க முடியுமா என்று முன்பே கேட்க வேண்டும்.

விரிவுரையாளரிடம் தமிழில் கேட்கலாமா? அவருக்குத் தமிழ் தெரிந்தால் தடையில்லை, பணித்தாள் மட்டும் பயிற்று மொழியிலேயே இருக்க வேண்டும்.

பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனுக்கும் தொடர்புத் திட்டத்துக்கும் சம்பந்தமுண்டா? இல்லை, படிப்பைப் பொறுத்தவரை கடனுக்குப் பார்க்கப்படுவது அதற்கு மலேசியத் தகுதி முகமையின் ஏற்பு உண்டா என்பதே, அதை முகமையின் பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம்.