நீக்கியும் நீங்காத நிகழ்வுகள்

என்றோ முடிந்துபோன வாரக் கூட்டமொன்று, கணினி நாட்காட்டியில் நீக்க நீக்க மீண்டும் தோன்றுவது ஏன்? நாம் வாரந்தோறும் காண்பவை தனித்தனிப் பதிவுகள் அல்ல. ஒரே விதியின் நிழல்கள். 1998இல் வகுக்கப்பெற்று 2009இல் திருத்தப்பெற்ற ஐகேலண்டர் நெறிமுறை, தொடக்க நாளையும் 'வாரந்தோறும்' என்னும் விதியையும் குறித்துவைக்கிறது. ஒரு நாளை மட்டும் நீக்கினால், அந்நாள் விலக்காகக் குறிக்கப்படுமேயன்றி விதி அழியாது.

ஆகவே, 'இதுவும் இனி வருவனவும்' என்பதைத் தேர்ந்து நீக்குக. 'அனைத்தும்' என்பது கடந்தகாலப் பதிவுகளையும் அழித்துவிடும். அதன்பின்னும் தோன்றின், அதன் மூலக் கணக்கைத் தேடுக. கைப்பேசியில் நீக்கியது அங்குச் சென்று சேராவிடில், ஒத்திசைவு அதனை மீட்டுக் கொணரும். பிறர் அழைத்த கூட்டமாயின், அனைவருக்குமாக அத்தொடரை முடிக்க வேண்டியவர் அழைத்தவரே.

சிறு தொல்லைதானே என்று விட்டுவிடலாகாது. பொய் நினைவூட்டலைப் புறக்கணித்துப் பழகிய செவி, மெய்யானதையும் ஒருநாள் தவறவிடும்.