வீட்டுக்குள் போலீஸ் வந்தால்...

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில், அடிவாரத்தில் இருக்கிறது கச்சிராயபாளையம். பக்கத்தில் கோமுகி அணை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். உடனே மலையில் சாராய வேட்டை மும்முரமாயிற்று.

வேட்டை தேவைதான். ஆனால் சோதனை போட வருகிறவருக்கும் சட்டம் உண்டு!

வாரண்டு எங்கே?

வீட்டைச் சோதிக்க வாரண்டு வேண்டும் என்பது பொது விதி. அதற்கு நேரமில்லை என்றால், அதிகாரி காரணத்தை எழுதி வைத்துவிட்டே நுழைய வேண்டும். அந்த வட்டாரத்துக் கண்ணியமானவர்கள் இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரும் உடனிருக்கலாம். எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் போட்டு, அதில் ஒரு நகலை அவரிடம் கொடுக்க வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, சோதனையை வீடியோ படமும் எடுக்க வேண்டும்.

கைது செய்தால்?

என்ன குற்றம் என்று சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இவை அரசியல் சட்டம் தந்த உரிமைகள்.

எல்லை மீறினால்?

கல்வராயன் மலைக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள ஊர் வாச்சாத்தி. மலைவாழ் மக்கள் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டையைத் தேடி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறையினர் அங்கே புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள்.

அந்தப் பெண்கள் ஓயவில்லை. கோர்ட்டு ஏறிச் சாட்சி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தது. சென்னை ஐகோர்ட்டு 2023 செப்டம்பர் 29 அன்று அதை உறுதி செய்தது.

நீதி கிடைக்க 31 ஆண்டுகள்! காக்கிச் சட்டையும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்பதை அந்த ஏழைப் பெண்கள் நாட்டுக்குக் காட்டினார்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? கவலை வேண்டாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.