இரண்டாம் நாள் சொல்லும் உண்மை

பௌர்ணமி இரவில் அண்ணாமலையை வலம் வருகிறவர்களுக்கு 14 கிலோமீட்டர் நடை. மறுநாள் கால் வலிக்கும். ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். என் தமையனார் மகளும் சென்ற வருஷம் வலம் வந்தாள். சிரித்த முகத்துடன்தான் வீடு திரும்பினாள். ஆனால், மறுநாள் மாலை படுத்தவள் மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை. "மலையைச் சுற்ற முடிந்தவளுக்குச் சமையலறைக்கு வர முடியவில்லையாம்!" என்று வீட்டில் பேசினார்கள். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்: அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

பட்டணத்து வைத்தியசாலை ஒன்றில் உடலுழைப்புப் பரீட்சை செய்தார்கள். முகமூடி அணிவித்து, நிலைச் சைக்கிளை மிதிக்கச் செய்து, பளுவைச் சிறிது சிறிதாக ஏற்றி, மூச்சை அளந்தார்கள். "ஒன்றுமில்லை" என்று முடிவும் கூறினார்கள்.

இவ்வித ஆராய்ச்சிக்கு அடிகோலியவர்களில் ஒருவர், 1922-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பெற்ற ஏ. வி. ஹில் என்னும் ஆங்கிலேயர். நமது தேசத்தின் விஞ்ஞான ஆராய்ச்சி குறித்து யோசனை கூற 1943-ல் இங்கு வந்தவரும் அவரே.

பரீட்சைத் தாளில் மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் உட்கொள்ளும் பிராணவாயுவுக்கும் உள்ள விகிதம். அது 1.1-ஐ எட்டினால், நோயாளி முழு முயற்சியுடன் மிதித்தார் என்று பொருள். பாசாங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது, உழைப்பின் உச்சத்தில் உடல் ஏற்கும் பிராணவாயு. மூன்றாவது, வரம்பு. அதைத் தாண்டி உழைத்தால், பிராணவாயுவைக் கொண்டு பெறும் சக்தி போதாமல், தசைகள் வேறு வழியிலும் சக்தி தேடத் தொடங்கும்.

நாட்பட்ட அயர்ச்சி நோயில், உழைத்தபின் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே பெரும்பாலும் துன்பம் முற்றும். ஆகையால், 24 மணி நேரம் கழித்து அதே பரீட்சையை மீண்டும் நடத்திப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில் 51 நோயாளிகளும் நோயற்ற 10 பேரும் கலந்துகொண்டனர். முதல் நாள் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை தென்படவில்லை. இரண்டாம் நாளோ, உச்சத்திலும் வரம்பிலும் நோயாளிகளின் அளவுகள் தாழ்ந்திருந்தன!

நோயாளிகள் எல்லோருக்கும் இப்படியே நேரும் என்பதில்லை. இது ஒன்றைக் கொண்டே நோயை நிர்ணயிப்பதும் தகாது. பரீட்சையே சிலரைப் பல நாள் படுக்கையில் தள்ளிவிடும் என்பதையும் மறக்கலாகாது. ஆனால், வரம்பை எட்டும்போது நாடி எவ்வளவு துடித்தது என்று அறிந்தால், அதற்குள் அன்றாட வேலைகளை அடக்கிக்கொள்ளலாம். "தினம் சிறிது அதிகமாக நட, சரியாகும்" என்ற பழைய யோசனையை இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2021-ல் கைவிட்டுவிட்டது.

ஒரு நாள் பரீட்சையின் மார்க்கைக் கொண்டு பையனை எடைபோடலாகாது என்று பள்ளிக்கூடத்தில் உபதேசிக்கும் எனக்கு, வீட்டில் அந்தப் புத்தி பிறக்கவில்லை!

இந்தப் பௌர்ணமிக்கு அவள் மாடியில் நாற்காலியில் அமர்ந்தபடியே மலையைத் தரிசித்தாள். நான் வலம் வந்து விபூதி கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் காலையில் அவள் எழுந்து வந்து எங்களோடு காபி அருந்தினாள்.