புஞ்சி குராவின் கையும் வியன்னாவின் அச்சும்

இசைத்தாள்களின் கதை – 11

ஈயம் கலந்த தகட்டில் இசைக்குறிகளை இடவலம் மாற்றிச் செதுக்கிய தொழிலாளர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். தகட்டுக்கு வருமுன் அந்த இசை யாருடைய கையில் இருந்தது என்பது இந்த வாரத்துக் கேள்வி. பதில் தேடி ஜெர்மனிக்கும் வியன்னாவுக்கும் போய்விட்டு, கடைசியில் கண்டிக்கே திரும்பி வரப்போகிறோம்.

கண்டியில் பியானோ படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் லண்டன் பரீட்சைச் சபைகளின் புத்தகங்களில் தொடங்குகிறார்கள். மேல் வகுப்புக்கு வந்து ஒரு கன்செர்ட்டோவைத் தொடும்போது கைக்கு வருவது இரண்டு பியானோவுக்கான பதிப்பு. மேல் வரிகளில் தனி வாசிப்பு. கீழ் வரிகளில் வயலின், புல்லாங்குழல், கொம்பு எல்லாவற்றையும் பத்து விரலுக்குள் அடக்கிய சுருக்கம். முழு வாத்தியக்குழு வீட்டுக்கு வராது என்பதால், இரண்டாவது பியானோவில் ஆசிரியரே அமர்ந்து அந்தக் குழுவாகிவிடுவார். முகப்பில் பெரிதாக மோட்சார்ட் அல்லது பீத்தோவன். சுருக்கியவரின் பெயர் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்; பழைய மறுஅச்சுகள் சிலவற்றில் அதுகூட இருக்காது. ஆனால் பிள்ளையின் காதில் விழும் ஒலியில் பாதி, அந்தப் பொடி எழுத்துக்காரர் எடுத்த முடிவு.

சுருக்கத்தில் மட்டும்தான் பிறர் கை இருக்கிறது, தனி வாசிப்பு முழுதும் மேதையின் கை என்று நினைக்க வேண்டாம். மோட்சார்ட்டின் டி மேஜர் கன்செர்ட்டோ ஒன்று உண்டு. அவருடைய படைப்புகளுக்கான கோகெல் பட்டியலில் 537ஆவது எண். 1788 பெப்ரவரி 24இல் முடித்ததாகத் தம் கைப்பட்டியலில் குறித்திருக்கிறார். 1790இல் இரண்டாம் லெயோபோல்டின் முடிசூட்டு விழாவையொட்டி பிராங்பேர்ட்டில் அதை வாசித்ததால் 'முடிசூட்டுக் கன்செர்ட்டோ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கையெழுத்துப் பிரதி இன்று நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் தனிப் பியானோவின் இடது கைக்குரிய வரிகள் பல இடங்களில் வெறுமையாகக் கிடக்கின்றன. இரண்டாம் பகுதியில் தனி வாசிப்புக்கு இடது கையே எழுதப்படவில்லை. வாசிக்கப்போவது தானே என்பதால் அவருக்கு எழுதிவைக்கத் தேவை இருக்கவில்லை. விரலுக்குத் தெரியும்.

1791இல் அவர் இறந்தார். 1794இல் ஒஃபன்பாக் நகரத்துப் பதிப்பாளர் யொஹான் அந்த்ரே இதை அச்சிட்டபோது வெற்றிடங்கள் நிரப்பப்பட்டிருந்தன. நிரப்பியவர் பெரும்பாலும் அந்த்ரேயாகவே இருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. அன்று முதல் உலகமே அந்த இடது கையை மோட்சார்ட் என்று வாசித்து வந்தது. மூலத்தை ஒட்டி வந்த பிற்காலப் பதிப்புகள்தான் அந்தப் பகுதிகளைச் சிறிய அளவில் அச்சிட்டு, இது வேறு கை என்று காட்டின. பதிப்புத் தொழிலின் நேர்மை என்று நான் நினைப்பது இதைத்தான். இசையின் அழகு இதனால் குறையவில்லை. யார் தந்தது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.

பெயர் தவறிப்போவதும் உண்டு. மோட்சார்ட் 1777 ஜனவரியில் சால்ஸ்பர்க்கில் எழுதிய ஈ பிளாட் மேஜர் கன்செர்ட்டோ, எண் 271, ஒரு பெண் பியானோக் கலைஞருக்காக எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அவருக்கு 'ஜெனோம்' என்று பெயர் வைத்தார்கள். புத்தக முகப்பிலும் இசைத்தட்டு உறையிலும் அந்தப் பெயரே நிலைத்தது. 2004இல் வியன்னா ஆய்வாளர் மைக்கேல் லோரென்ஸ் ஆவணங்களைப் புரட்டி உண்மைப் பெயரைக் கண்டெடுத்தார்: விக்டுவார் ஜெனமி. புகழ்பெற்ற நடன ஆசிரியர் ழான் ஜோர்ஜ் நொவேரின் மகள். ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் அவருடைய கன்செர்ட்டோவிடம் வந்து சேர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. லோரென்ஸ் தேடாமல் விட்டிருந்தால் இன்றைக்கும் சேர்ந்திருக்காது.

இனிக் கண்டி.

வியன்னாவில் 1901இல் தொடங்கிய யுனிவர்சல் எடிஷன் என்ற பதிப்பகம் நவீன இசைத்தாள் அச்சில் பெரும் பெயர். இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோவின் 'செக்வென்சா' வரிசை அங்கிருந்தும் வெளிவந்தது. ஒவ்வொரு படைப்பும் பெரும்பாலும் ஒரே ஒரு வாத்தியத்துக்கு, அந்த வாத்தியத்தின் முழு வல்லமையையும் சோதிப்பது போல. 1958இல் புல்லாங்குழலில் தொடங்கிய வரிசையின் பதினான்காவது, செல்லோவுக்கானது. 2002 ஏப்ரலில் ஜெர்மனியின் விட்டன் நகரில் அது அரங்கேறியது. அடுத்த ஆண்டு மே மாதம் பெரியோ காலமானார். வரிசை அத்தோடு நின்றுவிட்டது.

அந்தத் தாளைப் பார்க்கும் செல்லோக்காரர் முதலில் திகைப்பார். வில்லை ஓரமாக வைத்துவிட்டு விரல் நுனியால் கம்பிமேல் தட்டு, உள்ளங்கையால் மரவுடலைத் தட்டு, இரண்டு கையும் வெவ்வேறு கணக்கில் போகட்டும் என்கிறது அது. செல்லோ கொஞ்ச நேரத்துக்கு மேளமாகிறது. எந்த மேளம் என்று கேட்டால், கண்டி மேளம். தலதா மாளிகை முற்றத்திலும் எசல பெரஹரவிலும் இடுப்பில் கட்டி, இரண்டு பக்கமும் வெறும் கையால் வாசிக்கப்படுகிற அதே கெட்டபெரய.

இத்தாலியருக்கு இது எப்படிக் கிடைத்தது? அரங்கேற்றியவர் வழியாக. படைப்பு எழுதப்பட்டதே அவருக்காக. ரொஹான் டி சேரம், 1939இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதிலேயே இத்தாலிக்குப் போய் கஸ்பார் கசாடோவிடம் செல்லோ பயின்றவர். பின்பு பாப்லோ கசால்ஸிடமும் பாடம் கேட்டவர். 1970களின் இறுதியிலிருந்து 2005 வரை லண்டனின் அர்டிட்டி நால்வர் குழுவில் வாசித்தார். இசையமைப்பாளர்கள் புதிதாக எழுதிய கடினமான தாள்களை முதலில் உயிர்ப்பித்துக் காட்டியவர்களில் ஒருவர். 2024இல் காலமானார்.

அவருடைய தாய் மிரியம், வரலாற்றாசிரியர் சர் போல் பீரிஸின் மகள். கண்டி நடனம் ஆடுவதை மேட்டுக்குடிப் பெண்கள் நினைத்தும் பாராத காலத்தில் அதைக் கற்று மேடையேறியவர். அந்த வீட்டில் மேளம் அந்நியமாக இருந்திருக்க முடியாது. சிறுவன் ரொஹானுக்கு மேளம் கற்றுக்கொடுத்தவர் புஞ்சி குரா என்ற கலைஞர். டி சேரம் ஐரோப்பாவில் வாழ்ந்த காலம் முழுதும் செல்லோவோடு கண்டி மேளத்தையும் விடவில்லை. அதை அறிந்துதான் பெரியோ அந்தத் தாளக்கட்டுகளைத் தம் படைப்புக்குள் எடுத்துக்கொண்டார். விக்டுவார் ஜெனமியும் நடனக் கலைஞர் ஒருவரின் பிள்ளை, ரொஹான் டி சேரமும் அப்படியே. இந்த ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் என் மனதை விட்டு அது போக மறுக்கிறது.

கண்டி மேளத்தைப் பயில்வோர் தாளைப் பார்த்துத் தொடங்குவதில்லை. வாயில் தொடங்குகிறார்கள். தத், ஜித், தொங், நம் என்ற நான்கு ஒலிகள் அடிப்படை. ஒவ்வொரு ஒலிக்கும் தோலில் ஒரு இடம், கையில் ஒரு வடிவம். இரண்டு பக்கமும் வெவ்வேறு தோல் போர்த்தியிருப்பதால் வலது பேசுவது வேறு, இடது பேசுவது வேறு. சொற்கட்டை வாயால் சொல்லித் தேறிய பிறகு 'சரம்ப' என்னும் பயிற்சிப் பாடங்கள் கைக்கு வரும். மிருதங்கம் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒன்றும் புதிதாகத் தெரியாது. தகிட தகதிமி சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாம்.

வாய்ச்சொல்லாக நிற்பதைத் தாளுக்குக் கொண்டுபோவது எவ்வளவு கடினம் என்பதும் நமக்குத் தெரியும். 1890களில் சென்னையில் சின்னசாமி முதலியார் தியாகராஜர் கிருதிகளை ஐரோப்பிய ஐந்து கோட்டு முறையில் எழுதி அச்சிட்டார். சொத்தையும் கண்பார்வையையும் அந்த வேலை தின்றது. அவருடைய தூண்டுதலுக்கும் பங்குண்டு, 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்குத் தனிக் குறிகள் அமைத்துத் தம் பெருநூலை வெளியிட்டதில். அந்த நூலில் எனக்குப் பெரிதாகப் படுவது குறிகள் மட்டுமல்ல. இசைவாணர்களின் வாழ்க்கை வரலாறுகளையும் தீட்சிதர் கூடவே எழுதிவைத்தது. பாட்டைத் தந்தவர் யார், அவர் யாரிடம் படித்தார் என்பது பாட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பதிப்பு என்றால் அப்படி இருக்கவேண்டும்.

கண்டி மேளக்காரருக்கு அந்த மரியாதை கிடைத்ததா? பரம்பரை பரம்பரையாக மேளம் வாசித்தவர்கள் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் சேவை செய்து, அதற்கு ஈடாகக் கோயில் நிலத்தைப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். அவர்கள் இல்லாமல் பெரஹர நகராது. ஆனால் சாதி அடுக்கில் அவர்களைக் கீழே வைத்தது அதே சமூகம். கலையைத் தெய்வ சன்னிதியிலும் கலைஞரை வாசலிலும் வைக்கிற வழக்கம் சிங்களவருக்கு மட்டும் உரியதல்ல. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவருக்கு நாம் செய்வதும் அதுவே. அந்தத் தப்பின் அடிகளில் எத்தனை வகை உண்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதிவைத்த தாள் எத்தனை லயங்களில் இருக்கும்?

செக்வென்சாவை வாசிக்கும் இடமெல்லாம் நிகழ்ச்சிக் குறிப்பில் பெரியோவின் பெயர் வரும், டி சேரமின் பெயரும் வரும். புஞ்சி குராவின் பெயரைத் தேடித்தான் எடுக்கவேண்டும். இதை நான் டி சேரமின் குறையாகச் சொல்லவில்லை. குருவின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அதற்கு அவரும் ஒரு காரணம். குறை, முகப்பில் ஒரு பெயருக்கு மட்டும் இடம் வைக்கும் அச்சு வழக்கத்தில் இருக்கிறது. ஒஃபன்பாக்கில் அந்த்ரேயின் கை மோட்சார்ட்டின் பெயருக்குள் மறைந்தது. கண்டிக் குருவின் கை, செல்லோவின் மரவுடலில் விழும் தட்டுக்குள் மறைந்திருக்கிறது. முன்னதைப் பதிப்பாளர்கள் பிரித்துக் காட்டிவிட்டார்கள். பின்னதைக் காட்டவேண்டியது நாம்.

ஒரு தகவல் பாக்கி. 2004இல் இத்தாலிய டபுள்பேஸ் கலைஞர் ஸ்டெபனோ ஸ்கொடனிபியோ இதே படைப்பைத் தம் வாத்தியத்துக்கு மாற்றி எழுதினார். அந்த வடிவத்துக்கு 14பி என்று தனி எண் உண்டு. கண்டிக் குருவிடமிருந்து இலங்கைச் சிறுவனுக்கு, அவரிடமிருந்து இத்தாலிய இசையமைப்பாளருக்கு, வியன்னா அச்சுக்கு, பிறகு இன்னொரு வாத்தியத்துக்கு. இத்தனை கை மாறியும் ஒரு தாளக்கட்டு உயிரோடு இருக்கிறது. தாளில் ஏறியது அதற்குப் பெரிய காரணம். கெட்டபெரயவின் சொற்கட்டு முழுதும் ஐந்து கோட்டுக்குள் அடங்கும் என்று நான் சொல்லவரவில்லை, அடங்காது. ஆனால் எழுதப்பட்டது தூரம் போகும்.

ஆகவே வாசகரிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டில் பியானோ, வயலின் புத்தகம் இருந்தால் முகப்பைத் தாண்டி முன்னுரையைப் படியுங்கள். பதிப்பாசிரியர் யார், எந்தக் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தார், எதைத் தானே சேர்த்தார் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். அமுனுகம, நித்தவெல போன்ற கண்டி ஊர்களிலோ உங்கள் தோட்டத்திலோ மேளமும் தப்பும் வாசிக்கும் மூத்தவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு அடியையும் சொல்லையும் பதிவுசெய்யுங்கள். பதிவின் முதல் வரியில் அவருடைய பெயரையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரையும் எழுதுங்கள்.

அடுத்த வாரம்: சாய்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கன்செர்ட்டோ. உலகம் அறிந்த அந்தத் தொடக்கத்தின் கனத்த ஒலிகள் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏன் அப்படி இல்லை என்பதைப் பார்ப்போம்.