மகாதீரின் 22 ஆண்டுகளும் தோட்டத் தமிழர்களும்

துன் டாக்டர் மகாதீர் முகமட் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் இரண்டு விதமான பதில் வரும். அவர் இல்லாவிட்டால் இந்த நெடுஞ்சாலை ஏது, புரோட்டோன் கார் ஏது என்பார் ஒருவர். தோட்டத்தை விட்டு நாம் வெளியே வந்தது யார் காலத்தில் என்று கேட்பார் இன்னொருவர். பல வேளைகளில் இந்த இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான்.

1981 முதல் 2003 வரை 22 ஆண்டுகள், பிறகு 2018 முதல் 2020 வரை ஏறக்குறைய 22 மாதங்கள் அவர் நாட்டின் பிரதமராக இருந்தார். 2018-க்குப் பிறகு வாக்களிக்கத் தொடங்கிய இளையோருக்கு முதல் 22 ஆண்டுகள் வெறும் செவிவழிக் கதை. அந்தக் காலத்தைத் தெரிந்துகொண்டால்தான் இன்று நாம் நிற்கும் இடம் புரியும்.

மகாதீர் கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரில் 1925 ஜூலை 10-ஆம் தேதி பிறந்தார். பள்ளியில் சேர்ப்பதற்கு வசதியாகத் தந்தை டிசம்பர் 20 என்று பதிந்துவிட்டதால், ஆவணங்களில் அந்தத் தேதியே நின்றுவிட்டது. நம் தாத்தா, பாட்டிமாரின் அடையாள அட்டைகளிலும் இதே கதைதானே. தந்தை பினாங்கிலிருந்து வந்த ஆங்கிலப் பள்ளி ஆசிரியர். தந்தை வழி முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தம் உடலில் தெற்காசிய இரத்தம் ஓடுவதை மகாதீரே தமது நினைவுக் குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் இஸ்லாத்தைத் தழுவி, மலாய் மொழி பேசி, மலாய்ப் பழக்கவழக்கத்தைப் பின்பற்றுபவரே மலாய்க்காரர் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 160-ஆம் விதி. அந்தக் கணக்கில் அவர் மலாய்க்காரர். பின்னாளில் அந்த இனத்தின் மிக உரத்த குரலாகவும் ஆனார்.

ஜப்பானியர் ஆட்சியில் பள்ளி மூடப்பட்டபோது அலோர் ஸ்டார் பெக்கான் ராபு சந்தையில் பீசாங் கோரேங் விற்றார். போர் முடிந்ததும் சிங்கப்பூர் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1957-இல் அலோர் ஸ்டாரில் சொந்தக் கிளினிக் திறந்தார். அவருக்கு முன்பிருந்த மூன்று பிரதமர்களும் அரச குடும்பத்தையோ உயர்குடியையோ சேர்ந்தவர்கள். இங்கிலாந்தில் சட்டம் படித்தவர்கள். இவரோ ஆசிரியர் மகன், உள்ளூர் மருத்துவர். அரண்மனைகளிடமும் வெள்ளைக்காரரிடமும் அவர் கடைசிவரை பணிவு காட்டாததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

1964-இல் நாடாளுமன்றம் சென்றவர், 1969 தேர்தலில் ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் பாஸ் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். அடுத்த சில நாள்களில் மே 13 கலவரம் வெடித்தது. மலாய்க்காரர்களைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானைச் சாடி அவர் எழுதிய கடிதம் பகிரங்கமானது. அம்னோ அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது.

ஒரு நூலும் ஒரு வெற்றிடமும்

கட்சிக்கு வெளியே இருந்த அந்தக் காலத்தில்தான் 'மலாய்க்காரரின் இக்கட்டு' என்ற பொருள்படும் ஆங்கில நூல் 1970-இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. மலேசியாவில் அது தடை செய்யப்பட்டது. அவரே பிரதமரான பிறகுதான் தடை நீங்கியது. மலாய்க்காரர் இந்த மண்ணின் உரிமைக் குடிகள், காலனி ஆட்சியில் பின்தங்கிப் போனவர்கள், அரசே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்பது நூலின் சாரம். மலாய்க்காரரின் பின்னடைவுக்குப் பரம்பரைக் குணமும் ஒரு காரணம் என்று அவர் எழுதியது மலாய்க்காரர்களிடையேகூடக் கோபத்தைக் கிளப்பியது.

நமக்கு முக்கியமானது வேறொன்று. அந்த நூலின் வாதம் பெரும்பாலும் மலாய்க்காரர், சீனர் என்ற இரு தரப்பைப் பற்றியது. ஒரு பக்கம் ஏழ்மை, மறுபக்கம் வணிகம். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போன தமிழன் அந்தக் கணக்கில் ஏறக்குறைய இல்லை. அவன் ஏழைதான், ஆனால் மலாய்க்காரன் இல்லை. வந்தேறிய இனம்தான், ஆனால் கையில் வணிகம் இல்லை. மகாதீரின் நீண்ட ஆட்சியில் நமக்கு நேர்ந்தவற்றுக்குப் பகைமையைவிட இந்த வெற்றிடமே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

1971-இல் துன் அப்துல் ரசாக் கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கைக்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன. ஒன்று, இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது. மற்றொன்று, இனத்துக்கு ஒரு தொழில் என்ற நிலையை மாற்றுவது. பூமிபுத்ராக்களுக்கு 30 விழுக்காடு பங்குடைமை என்ற இலக்கு இதன்கீழ் வந்தது. முதல் நோக்கம் தோட்டத் தொழிலாளிக்கும் உரியதுதான். ஆனால் தோட்டம் தனியார் நிலம். கிராமப்புற வளர்ச்சி என்ற பெயரில் அரசு கொடுத்த குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் சாலையும் தோட்ட எல்லையோடு நின்றுவிட்டன. லயத்தில் வாழ்ந்தவருக்கு அவற்றைத் தரவேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்று அரசு இருந்துவிட்டது. நிர்வாகமோ செலவைப் பார்த்தது.

முதலாளி மாறினார்

1972-இல் அம்னோவுக்குத் திரும்பிய மகாதீர் 1974-இல் கல்வியமைச்சர், 1976-இல் துணைப் பிரதமர், 1981 ஜூலை 16-இல் பிரதமர் என்று வேகமாக ஏறினார். பதவியேற்று இரண்டு மாதம் முடியுமுன் செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ஒரு சம்பவம். காலையில் சந்தை திறந்த சில மணி நேரத்தில், அரசின் முதலீட்டு நிறுவனமான பிஎன்பி, கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. நூற்றாண்டுக்கு மேல் வெள்ளைக்காரர் கையில் இருந்த தோட்ட நிறுவனம் ஒரே நாளில் மலேசியாவுடையது ஆனது. திட்டம் அவருக்கு முன்பே தீட்டப்பட்டதுதான். ஆனாலும் லண்டன் கோபப்பட்டபோது அவர் பின்வாங்கவில்லை. பிரிட்டிஷ் பொருள் என்றால் கடைசியாகத்தான் வாங்குவோம் என்று அரசு அலுவலகங்களுக்கு உத்தரவு போட்டார்.

ஒரு தேசியவாதத் தலைவனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. சொந்த மண்ணைத் திரும்ப வாங்கியதில் நாமும் பெருமைப்படலாம். ஆனால் அந்தத் தோட்டங்களில் மரம் சீவியவரின் நாள் சம்பளம் நாள் சம்பளமாகவே இருந்தது. மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை அவருடைய ஆட்சிக் காலத்தின் பெரும்பகுதி முழுவதும் கோரிக்கையாகவே கிடந்தது. 1984-இல் இந்தோனேசியாவுடன் மேடானில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அங்கிருந்து தோட்டங்களுக்கு ஆள் வரத் தொடங்கியது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்போது சம்பளம் எப்படி உயரும்?

மறுபக்கம் நாடு கண்ணெதிரே மாறியது. ஜப்பானையும் கொரியாவையும் பின்பற்றுவோம் என்ற கிழக்கு நோக்கும் கொள்கை 1982-இல் வந்தது. 1985-இல் மிட்சுபிஷி உதவியோடு முதல் புரோட்டோன் சாகா ஓடியது. தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் வேலைக்குப் போன முதல் தலைமுறைத் தமிழ்ப் பெண்கள் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, இரட்டைக் கோபுரம், 1998-இல் திறந்த சிப்பாங் விமான நிலையம் எல்லாம் அந்தக் காலத்தில் எழுந்தவை. நகரத்துக்கு வந்து சேர முடிந்தவர்களை அந்த வளர்ச்சி தூக்கிவிட்டது. முடியாதவர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ரப்பர் விலை சரிந்தது. மரங்கள் விழுந்து செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்பும் கோல்ஃப் திடலும் வந்தன. இதற்கு புத்ராஜெயாவே சாட்சி. புதிய நிர்வாகத் தலைநகர் எழுந்த இடத்தில் இருந்தது பிராங் புசார் தோட்டம். 'பெரும் போர்' என்று பொருள். முதல் உலகப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் திறந்ததால் அந்தப் பெயர். பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு 'பி.பி.' மரம் நினைவிருக்கும். நல்ல பால் தரும் அந்த ரகத்தின் பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் இந்தத் தோட்டத்தைத்தான் குறிக்கும். அங்கும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த நம் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா மலிவு அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. சுவரில் விரிசல் கண்ட அந்தக் கட்டடங்களில் இருந்தபடி, வாக்களித்த தரை வீடு எங்கே என்று அவர்கள் பல தேர்தல்களைக் கடந்தும் கேட்டு வந்தார்கள்.

வேலையோடு வீடும், கோயிலும், தமிழ்ப் பள்ளியும் ஒரே சமயத்தில் கைவிட்டுப் போனவர்கள் நகரத்து ஓரங்களில் குடியேறினார்கள். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா கம்போங் மேடானில் நடந்த மோதலில் ஆறு பேர் இறந்தனர், பெரும்பாலோர் இந்தியர். அந்த நெருக்கடி மிகுந்த குடியிருப்புகள் எப்படி உண்டாயின என்று கேட்டால் பதில் தோட்டத்தில் போய் முடியும்.

மகாதீர் இந்தியர் விவகாரங்களை ம.இ.கா.விடம் விட்டுவிட்டார். கூட்டணியில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கட்சி, அந்தக் கட்சித் தலைவர் வழியாகவே எல்லாம் என்பது ஏற்பாடு. சமூகத்தின் பொருளாதாரத்தை உயர்த்த 1982-இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் தோட்டத்து மக்கள் நகையை அடகு வைத்துக்கூடப் பங்கு வாங்கினார்கள். அது என்ன ஆனது என்பதை இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இது பிரதமர் ஒருவர் தலையில் மட்டும் கட்டக்கூடிய பழி அல்ல.

எதிர்த்தவர்கள்

1987-இல் அம்னோ தலைவர் பதவிக்குத் தெங்கு ரசாலி ஹம்சா போட்டியிட்டார். மகாதீர் 761, ரசாலி 718. வெறும் 43 வாக்கு. அதே ஆண்டு அக்டோபர் 27-இல், சீனப் பள்ளி நியமன விவகாரத்தில் இனப் பதற்றம் ஏறியிருந்த நேரத்தில், ஒப்ஸ் லாலாங் நடவடிக்கை தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். லிம் கிட் சியாங், கர்ப்பால் சிங், பி. பட்டு, தொழிற்சங்கவாதி வி. டேவிட் ஆகியோர் அதில் அடக்கம். மூன்று நாளிதழ்களின் உரிமம் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். 1993-இல் ஆட்சியாளர்களுக்கு இருந்த சட்ட விலக்கு அகற்றப்பட்டது. இது பலர் வரவேற்ற மாற்றம். செய்த விதம் அவருக்கே உரியது.

1998-இல் ஆசியப் பொருளாதார நெருக்கடியின் நடுவே, அனைத்துலகப் பண நிதியத்தின் வழியை ஒதுக்கி, ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நாணய மதிப்பைக் கட்டிப்போட்டார். உலகம் சிரித்தது, நாடு மீண்டது. அதே நாள், செப்டம்பர் 2, துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமைப் பதவியிலிருந்து நீக்கினார். காவலில் அடிபட்டு, கண் கறுத்து நீதிமன்றம் வந்த அன்வாரின் படம் இன்றும் மறக்கவில்லை.

2003 அக்டோபர் இறுதியில் அவர் பதவி விலகியபோது தோட்டத் தமிழர் பிரச்சினை தீர்ந்திருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2007 நவம்பர் 25-இல், இண்ட்ராப் பேரணியாக அது கோலாலம்பூர் தெருவில் இறங்கியது.

மீண்டும் 22 மாதங்கள்

2018 மே 9-இல் 92 வயதில், தாம் வளர்த்த அம்னோவையே தோற்கடித்து வந்தார். நம்மில் பெருவாரியானோர் நம்பிக்கைக் கூட்டணிக்கு வாக்களித்தோம். அமைச்சரவையில் நான்கு இந்தியர்கள் இடம்பெற்றார்கள், இண்ட்ராப்பின் பொ. வேதமூர்த்தியும் அவர்களில் ஒருவர். ஆள் மாறிவிட்டார் என்று பலர் நினைத்தார்கள். இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்போம் என்ற பேச்சு மலாய்க்காரர் எதிர்ப்பில் சில வாரங்களில் கைவிடப்பட்டது. 2019-இல் தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடத்தில் ஜாவி எழுத்தோவியம் நுழைந்து பெற்றோரைக் கொதிக்க வைத்தது. மலேசிய இந்துக்களின் விசுவாசத்தைக் கேள்விக்குள்ளாக்கிய ஸாகிர் நாயக்கை நாடு கடத்தவும் அரசு மறுத்தது.

உண்மையில் அவர் மாறவே இல்லை. 1969-இல் துங்குவுக்கு எழுதியபோது இருந்த அதே கேள்விதான் அப்போதும் அவரிடம் இருந்தது: இதனால் மலாய்க்காரருக்கு என்ன? ஆங்கிலேயரையும், சுல்தான்களையும், சொந்தக் கட்சியையும் அவர் எதிர்த்தது அந்தக் கேள்வியின் பேரில்தான். நாம் அதில் வேறொன்றைப் படித்துவிட்டோம்.

2020 பிப்ரவரி 24-இல் அவர் பதவி விலகினார். 2022 பொதுத் தேர்தலில் லங்காவி மக்கள் அவரைத் தோற்கடித்தனர், வைப்புத்தொகையும் போனது. 1969-க்குப் பிறகு அவர் கண்ட முதல் தோல்வி அது. 2024 ஜனவரியில் சென்னையைச் சேர்ந்த தந்தி டிவிக்குக் கொடுத்த பேட்டியில், மலேசிய இந்தியர் இந்த நாட்டுக்கு முழு விசுவாசமாக இல்லை, இன்னும் பூர்வீகத்தையே அடையாளமாகக் கொள்கிறார்கள் என்ற கருத்தைச் சொன்னார். ம.இ.கா.வும் ஜ.செ.க.வும் ஒருசேரக் கண்டித்தன. 2025 ஜூலையில் அவருக்கு வயது நூறு நிறைந்தது.